நரி போன பிறகும் முயல் வரவில்லை

அன்புள்ள அக்கா,

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம், திருவட்டாறு பக்கம். ஐடியில் வேலை, இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிறேன். மயில்களைப் பற்றி நீங்கள் எழுதிய சின்னக் குறிப்பைப் படித்ததிலிருந்து ஒரு சந்தேகம்.

எங்கள் பாட்டா காலத்தில் ராத்திரியானால் ஏலாவில், அதாவது வயல்வெளியில், நரி ஊளையிடும் என்பார்கள். நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வேட்டையாடும் மிருகம் குறைந்தால் இரை பெருகும் என்று பள்ளிக்கூடத்தில் உணவுச் சங்கிலி படித்திருக்கிறோம். அப்படிப் பார்த்தால் நரி போனதும் முயல், கவுதாரி, காடை எல்லாம் பெருகியிருக்க வேண்டுமே? மயில் மட்டும்தான் பெருகியிருக்கிறது. போன தை மாதம் நண்பர்களோடு இரண்டு பைக்கில் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஹெட்லைட் போட்டு முயலுக்குப் போனோம். சும்மா ஜாலிக்குத்தான். ஒன்றுகூட மாட்டவில்லை.

பாட்டாவின் விளையில், அதாவது மேட்டுத் தோட்டத்தில், முன்னெல்லாம் முயல் ஓடும் என்று அம்மா சொல்வாள். அது இப்போது ரப்பர். பன்றித் தொல்லை தாங்காமல் பழைய கய்யாலை மண்வேலியை இடித்து, ஜேசிபி வைத்துக் கைதை என்கிற தாழையை எல்லாம் பிடுங்கி, மூன்று பக்கம் ஹாலோபிளாக் சுவர் கட்டிவிட்டோம். ஓடைப் பக்கம் மட்டும் பாக்கி. அங்கேயும் முயலைக் காணோம்.

நாங்கள் படித்த தியரி தவறா? வேறு எங்கிருந்தாவது நரியைக் கொண்டுவந்து விட்டால் பழைய சமநிலை திரும்புமா? இதைப் பற்றித் தமிழில் எளிமையான புத்தகம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

பைக் சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லையென்றால் கடைசிவரை அது தொண்டையிலேயே நிற்கும். ராத்திரி கண்ணில் வெளிச்சம் அடித்தால் முயல் மலைத்துப்போய் அப்படியே உட்கார்ந்துவிடும். உட்கார்ந்திருப்பதைக் கம்பால் அடிக்க எந்தத் திறமையும் வேண்டாம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முயலும் இருக்கிறது, ஜாலி என்பதற்காக அதில் விலக்கு எதுவும் இல்லை. அதுகூடப் போகட்டும். நரி தின்னாமல் விட்ட முயல் எங்கே என்று என்னிடம் கணக்குக் கேட்கிற கடிதத்திலேயே, இரண்டு பைக், ஹெட்லைட், ஒன்றுகூட மாட்டவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறீர்களே, எழுதும்போது கை கூசவில்லையா? சரி, அது முடிந்தது.

மற்றபடி நல்ல கேள்வி. நானும் கொஞ்ச நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது தப்பில்லை. அதற்கு ஸ்வீடனின் செந்நரியைப் போல நல்ல சாட்சி கிடையாது. 1970களின் நடுவில் அங்கே நரிகளுக்குச் சொறி வந்தது. நம் தெருநாய்க்கு வருவதைப் போல, தோலுக்குள் குடைந்து வாழும் நுண்ணிய பூச்சியால் வருகிற சொறி. அந்த நாட்டுக் குளிரில் முடி கொட்டினால் நரி பிழைக்குமா? கூட்டம் கூட்டமாகச் செத்தன. அடுத்த சில வருஷங்களில் நோய் நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது. எந்த விஞ்ஞானியும் பணம் கேட்டு மனுப்போட்டு நடத்த முடியாத ஒரு சோதனையைச் சொறி இலவசமாக நடத்திக்கொடுத்தது. நரி குறைந்த இடங்களில் மலைமுயல் கூடியது. காட்டில் தரையில் முட்டையிடுகிற பெரிய கோழியினப் பறவைகள் கூடின. ரோ என்கிற சின்ன மானின் குட்டிகள் அதிகமாகப் பிழைத்தன. பிறகு நரிகள் நோயிலிருந்து மீண்டு வந்தபோது முயல் மறுபடி இறங்கிவிட்டது. எரிக் லிண்ட்ஸ்ட்ரோமும் அவருடைய கூட்டாளிகளும் 1994-ல் இதையெல்லாம் தொகுத்து எழுதினார்கள்.

அதற்கு முன்பே ஸ்வீடனை ஒட்டிய போத்னியா வளைகுடாவில் இரண்டு தீவுகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1976 முதல் 1984 வரை. ஒரு தீவில் நரியையும், மரமேறி வேட்டையாடும் மார்ட்டனையும் பிடித்து அகற்றினார்கள். அடுத்த தீவை அப்படியே விட்டார்கள். சில வருஷம் கழித்துத் தீவுகளை மாற்றிக்கொண்டார்கள். வேட்டையாடிகள் இல்லாத தீவு எதுவோ அங்கேதான் பறவைகள் அதிகக் குஞ்சுகளைக் காப்பாற்றின. மாற்றிப் போட்டபோதும் அதேதான். தற்செயல் என்று தட்டிவிட முடியாது.

இதில் எனக்குப் பிடித்தது எலிக் கதை. அந்த நாட்டு நரிக்கு அன்றாடச் சாப்பாடு வால் குட்டையான ஒரு வயல் எலி. அந்த எலி மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஏகமாகப் பெருகும், பிறகு ஒரேயடியாகச் சரியும். சரிந்த வருஷத்தில்தான் நரி முயல் பக்கமும் பறவைக் கூடுகள் பக்கமும் திரும்பும். நம்மூர் நரிக்கும் எலிதான் சோறு, முயல் எப்போதாவது இலையில் விழுகிற கூட்டுக்கறி. அது நண்டு தின்னும், செத்த ஆடு தின்னும், இலந்தைப் பழம்கூடத் தின்னும். நண்டைச் சுட்டு நரியைக் காவல் வைத்த கதையைச் சொன்னவர்களுக்கு அதன் வாய் ருசி நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஏலாவில் கும்பப்பூ அறுப்பு முடிந்து எலி மெலிந்த நாட்களில் முயலுக்குக் கொஞ்சம் ஆபத்து கூடியிருக்கும். அவ்வளவுதான். நரி இருந்த காலம் முழுக்க முயலும் இருந்தது என்பதைத்தானே உங்கள் அம்மாவே சொல்கிறாள்?

ஆக, நரி போனால் முயல் பெருகும் என்பது ஸ்வீடனில் நடந்த விஷயம். அங்கே நரி செத்தபோது காடு அப்படியே நின்றது. முயல் கடிக்கிற செடியும் படுக்கிற புதரும் முந்தின வருஷம் எங்கே இருந்தனவோ அங்கேயே இருந்தன. நரி மட்டும்தான் குறைந்தது. நம்மூரில் நரி போன அதே முப்பது நாற்பது வருஷத்தில் வேறு என்னவெல்லாம் போயிற்று? ஏலாவில் பாதி வாழைத்தோட்டமாகி, பிறகு தென்னந்தோப்பாகி, பிறகு கல் நட்டுப் பிளாட்டாகிவிட்டது. விளைகளில் பனையும் புன்னையும் அயனியும் போய் ரப்பர் வந்தது. இத்தனையும் மாறின இடத்தில் நரியை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து, அது போனதால் முயலுக்கு என்ன ஆயிற்று என்று எப்படிக் கணக்குப் போடுவீர்கள்?

பால் எரிங்டன் என்று ஒருவர், அமெரிக்காவில் ஐயோவாவில் வேலை பார்த்தவர். கண்ணி வைத்துப் பிழைத்துப் பிறகு விஞ்ஞானி ஆனவர். 1930களில் பாப்வைட் என்கிற காடையின் பின்னால் குளிர்காலம் குளிர்காலமாக நடந்தார். அவர் கண்டது இது. ஒரு புதர்த் தொகுதியில் இத்தனை காடைதான் பத்திரமாகக் குளிர்காலத்தைக் கழிக்க முடியும் என்று ஓர் அளவு இருக்கிறது. அதற்கு மேல் இருப்பவை எப்படியும் போகும். ஆந்தை தின்னாவிட்டால் நரி தின்னும், நரி தின்னாவிட்டால் பனி கொல்லும். தின்கிறவனைச் சுட்டுத் தள்ளினாலும் புதர் கூடாவிட்டால் காடை கூடாது என்றார். பிறகு வந்தவர்கள் அவர் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டார் என்று காட்டினார்கள். ஸ்வீடன் நரியே அவருக்கு எதிர்சாட்சிதான். ஆனாலும் திருவட்டாற்றில் சுவர் கட்டுகிறவர்களுக்கு அவர் சொன்னது போதும்.

இன்னும் ஒன்று. கனடாவின் வடமேற்கு மூலையில், யூகானில், சார்லஸ் கிரெப்ஸ் என்பவரும் சகாக்களும் பனிமுயலை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள காட்டுத் துண்டுகள். ஒன்றில் மின்வேலி போட்டு லிங்க்ஸ் என்கிற காட்டுப்பூனையும் கொயோட் என்கிற, நரி மாதிரியான பிராணியும் உள்ளே வராமல் தடுத்தார்கள். முயல் சுமார் 2 மடங்கு ஆயிற்று. இன்னொன்றில் வேலி இல்லை, தீனி மட்டும் கூடுதலாகப் போட்டார்கள். 3 மடங்கு. வேறொன்றில் வேலியும் போட்டு, தீனியும் போட்டார்கள். ஐந்தோ ஆறோ வரும் என்றுதான் நாம் நினைப்போம். 11 மடங்கு வந்தது. 1995-ல் வெளியான முடிவு. பயமும் பசியும் தனித்தனியாக நின்று முயலைக் குறைப்பதில்லை, இரண்டும் கைகோத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. நீங்கள் நரி என்கிற ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் கேட்கவே இல்லை.

இப்போது உங்கள் கய்யாலைக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் இரண்டு வரியில் எழுதிய விஷயம். எனக்கு அதற்குப் பிறகு கடிதத்தில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

நம்மூர்க் கய்யாலை என்ன என்று இளைய வாசகர்களுக்குத் தெரியாது. விளையின் எல்லையில் மண்ணை வெட்டி மார்பளவு உயரத்துக்கு அணைத்து வைத்தது. அதன் தலையில் கைதை, இல்லையென்றால் கள்ளி. அதன்மேல் கோவையும் வேலிப்பருத்தியும் குன்றிமணியும் படரும். ஊடே ஆடாதோடை, நொச்சி, எருக்கு, மஞ்சணத்தி. சூரைமுள் தானாக வந்து புகுந்து எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துவிடும். அடியில் வருஷக்கணக்காக விழுந்த சருகு. சருகுக்குள் செல், அதாவது கரையான். செல்லைத் தின்ன ஓணான், ஓணானைத் தின்னப் பாம்பு. பக்கத்து விளைக்காரர் வேலியும் இதோடு வந்து முட்டும், அது அடுத்தவர் வேலியில் போய் முட்டும். இப்படி வேளிமலை அடிவாரத்தில் நுழைந்த ஒரு பிராணி வெட்டவெளியில் கால் வைக்காமல் ஏலா வரைக்கும் இறங்கிவர முடிந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்த காரியமில்லை. அடுத்தவன் மாடு தன் மரச்சீனியில் வாய் வைக்கக் கூடாது என்ற எண்ணம்தான்.

நம்மூர் முயல் வளை தோண்டாது. படத்தில் வருகிற வெள்ளைக்கார முயல்தான் வளையில் இருக்கும். நம்முடையது பகல் முழுக்க ஒரு புல் தூரின் அடியில், உடம்பு பதிகிற அளவுக்குப் பள்ளம் பண்ணிக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஒன்றிரண்டு குட்டி போடும். குட்டி பிறக்கும்போதே முடியும் திறந்த கண்ணும் உண்டு. அதையும் ஒரு புதரடியில் விட்டுவிட்டுத் தாய் தள்ளியே இருக்கும், பால் கொடுக்கத்தான் வரும். அதாவது இந்தப் பிராணியின் முழுப் பாதுகாப்பும் புல்லும் புதரும்தான். வேறு வீடு அதற்குக் கிடையாது. கவுதாரியும் அப்படித்தான். தரையில் முட்டை, ராத்திரி அடைவதற்கு முள்மரம். இரண்டையும் ஒரே இடத்தில் கொடுத்தது வேலி.

எங்கள் அப்பா கவுதாரி வளர்த்தார். பழக்கின கவுதாரியைக் கூண்டோடு கொண்டுபோய் வேலியோரம் வைப்பார். அது கத்தும். தன் எல்லைக்குள் எவனோ வந்துவிட்டான் என்று காட்டுக் கவுதாரி சண்டைக்கு ஓடிவந்து கண்ணியில் விழும். அப்பாவுக்கு அது தொழில் இல்லை, பைத்தியம். நான் சின்னப்பிள்ளை, கூண்டின் மேல் போர்த்துகிற துணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். எந்த இடத்தில் கூண்டை வைக்க வேண்டும் என்பதில் அவர் ஒருநாளும் யோசித்து நின்றதில்லை. இரண்டு வேலி கூடுகிற மூலை. "மூலைக்கு ஒரு குடும்பம் உண்டு மக்களே, மூலை இருக்க வரைக்கும் ஆளு மாறி மாறி வந்திட்டே இருக்கும்" என்பார். பிடித்துக்கொண்டு போன மூலையில் அடுத்த பருவம் வேறொரு ஜோடி வந்து கத்தும். எரிங்டன் பெயரை அவர் கேட்டிருக்கவே மாட்டார். அவர் பிடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை, இன்று அது குற்றம். ஆனால் அத்தனை பிடித்தும் மூலைகள் காலியாகவில்லை. அப்பா கூண்டைத் தூக்குவதை விட்டு, சாய்வு நாற்காலிக்குப் போய், அவரும் போன பிறகுதான், யாருமே பிடிக்காத காலத்தில், அவை காலியாயின.

போன சித்திரையில் என் தம்பி அவன் பங்குக் கய்யாலையை எடுத்தான். வேண்டாமென்று நான் போனில் சண்டை போட்டேன். "நீ கதை எழுதிட்டு இரி. ஒரு சென்ட் என்ன விலை போகுதுன்னு தெரியுமாக்கா?" என்றான். அவன் சொல்வதில் கணக்கு இருக்கிறது. வேலி நாலடி அகலம் எடுக்கும். நூறடி நீளம் என்றால் நானூறு சதுர அடி, கிட்டத்தட்ட ஒரு சென்ட். ஹாலோபிளாக் சுவருக்கு அரையடி அகலம் போதும். நிலத்தைச் சென்ட் கணக்கில் விற்கிற ஊரில் கைதை நிற்கிற மண் வீணாகத்தான் தோன்றும். இந்த மாவட்டத்தில் முயலைத் தின்று தீர்த்தது அந்தச் சென்ட் கணக்கு. பல்லும் நகமும் உள்ள எதுவும் அந்த அளவுக்குச் செய்யவில்லை.

சுவர் இருந்தாலும் உள்ளே விளை இருக்கிறதே என்பீர்கள். உள்ளே என்ன இருக்கிறது? வளர்ந்த ரப்பரின் நிழலில் புல் மெலிந்துவிடும். இளம் ரப்பராக இருந்தால் இடையில் முக்குனாக் கொடியைப் படரவிட்டிருப்பீர்கள். மாடுகூட வாய் வைக்காத கொடி. அதுவும் இல்லாத இடத்தில் களைக்கொல்லி அடித்துத் தரையை வழித்துத் துடைத்து வைத்திருப்பீர்கள், பால் எடுக்கப் போகிறவருக்குக் கால் வைக்க வசதி என்று. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் டிக் பாட்ஸ் என்பவர் சாம்பல் கவுதாரியைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார். நம் கவுதாரிக்குத் தூரத்து உறவு. களைக்கொல்லி வந்த பிறகு குஞ்சுகள் பிழைக்கவில்லை. மருந்து குஞ்சைக் கொல்லவில்லை. களையைக் கொன்றது, களையில் இருந்த பூச்சி போயிற்று, முதல் இரண்டு வாரம் பூச்சி தின்றே வளர வேண்டிய குஞ்சு பட்டினியில் செத்தது. அதே நாட்டில் சாலிஸ்பரி சமவெளியில் நரியையும் காக்கையையும் கட்டுப்படுத்திப் பார்த்தபோது கவுதாரி நன்றாகவே கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் ஒருபக்கம் சாய்கிறேன் என்பீர்கள். ஓரளவு சாயத்தான் செய்கிறேன்.

இதில் நாய் எங்கே என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நரி முயலைத் தின்று முயல் குறைந்தால் நரிக்கும் பட்டினி, அதன் குட்டிகளும் குறையும். முயல் கொஞ்சம் மூச்சு விடும். தெருநாய்க்கு அந்தக் கட்டு எதுவும் இல்லை. அதற்குப் பிராய்லர் கடைக் கழிவு சாலையோரத்தில் சாக்குச் சாக்காக வந்து விழுகிறது. முயல் ஒன்றுமே இல்லாமல் போனாலும் நாய் ஒன்று குறையாது. வயிறு நிறைந்த பிறகு கூட்டமாக ஓடி விளையாட்டுக்குத் துரத்தும். முன்பு வேலிக்குள் பாய்ந்த முயல் இப்போது சுவரில் போய் முட்டுகிறது. நாய்க்கு மட்டும் கேட் திறந்திருக்கிறது. சின்ன வேட்டையாடிகளும் இப்படித்தான். 1980களில் மைக்கேல் சூலே என்பவர் அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்தின் பள்ளத்தாக்குப் புதர்களில் ஒன்றைக் கவனித்தார். கொயோட் வந்துபோகிற புதர்களில் தரையோரப் பறவைகள் அதிக வகை இருந்தன, கொயோட் போய்விட்ட இடத்தில் குறைந்தன. காரணம் வீட்டுப்பூனை. கொயோட் இருக்கும் இடத்தில் பூனைக்குப் பயம், பூனை வளர்க்கிறவர்களும் அதை வெளியே விடுவதில்லை. 1999-ல் கெவின் க்ரூக்ஸும் அவரும் சேர்ந்து இதை இன்னும் விரிவாகக் காட்டினார்கள். ஆகவே பெரியவன் போனதும் இரைக்கு விடுதலை என்று எப்போதும் சொல்ல முடியாது. நடுவில் ஒரு கூட்டம் காத்துக்கொண்டிருக்கும். உங்கள் பாட்டா விளையில் கவுதாரி முட்டையைக் கீரி குடிக்கிறதா, பக்கத்து வீட்டுப் பூனை குடிக்கிறதா என்று நரியின் மேல் பழி போடுவதற்கு முன்னால் பார்த்திருக்கலாம்.

மயில் ஏன் பெருகிற்று என்பதற்கு நீளமாக எழுதப்போவதில்லை. ஏற்கெனவே எழுதியதுதான். நரி முட்டையைத் தின்றது, நரி போனதால் மயில் வந்தது என்று டீக்கடையில் சொல்கிறார்கள். ஒரு காரணம் என்றால் ஒத்துக்கொள்வேன், ஒரே காரணம் என்றால் மாட்டேன். அது தென்னையில் ஏறி அடையும், நெல்லும் தின்னும், பாம்புக்குட்டியும் தின்னும், வீட்டு மாடியிலும் நடக்கும். முருகன் வாகனம் என்று யாரும் கல்லெடுப்பதில்லை. முயலுக்கு வாகனம் என்ற பதவி கிடைக்கவில்லை. பன்றி தனிக் கதை, அதற்கு இன்னொரு நாள். சுவர் பன்றியைத் தடுக்கும் என்பதை மட்டும் மறுக்கவில்லை.

நரியை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து விடலாமா என்றால், வேண்டாம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். கொண்டுவந்து எங்கே விடுவீர்கள்? நரி குட்டி போடுவது இந்த மாதிரி மண்திட்டில்தான், கய்யாலையின் அடியில், ஓடைக்கரைப் பொந்தில், பழைய கலுங்கில். முயலுக்குப் புதர் கொடுத்த அதே வேலிதான் நரிக்குப் பேறுகால அறையும் கொடுத்தது. இரண்டையும் வெளியே தள்ளியது ஒரே ஜேசிபி. நீங்கள் அதில் ஒன்றைக் காரணமாகவும் இன்னொன்றை விளைவாகவும் எடுத்துக்கொண்டு என்னிடம் தியரி கேட்கிறீர்கள். ஜேசிபி வருவதற்கு முன்பு மனிதர்கள் செய்ததும் குறைவில்லை. செத்த ஆட்டில் குருணை மருந்தைத் தூவி வைத்தார்கள். பன்றிக்கு என்று, கடித்தால் வெடிக்கிற அவுட்டுக்காய் வைத்தார்கள், கறி வாசனைக்கு முதலில் வந்து வாய் சிதறியது நரி. நரிக்கொம்பு என்று ஒரு இல்லாத பொருளைப் பர்ஸில் வைத்துக்கொள்வதற்காக வேறு கொன்றார்கள். இதைச் செய்தவர்கள் எல்லாம் நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று நம்பினவர்கள்தான்.

ஓடைப் பக்கத்தில் இன்னும் சுவர் கட்டவில்லை என்றால் அதை அப்படியே விடுங்கள். பன்றிக்குப் பயமாக இருந்தால் உள்ளே தள்ளி ஒரு கம்பிவேலி போடுங்கள். ஓடைக்கும் கம்பிக்கும் நடுவில் ஆறடி நிலத்தில் கைதையையும் சூரையையும் வளர விடுங்கள், மருந்து அடிக்காதீர்கள். ஒன்றரைச் சென்ட் போகும். உங்கள் சம்பளத்துக்கு அது பெரிய இழப்பு இல்லை. அம்மாவிடம் கேளுங்கள், முயல் எந்த மூலையில் ஓடும் என்று அவளுக்கு நினைவிருக்கும். பெரும்பாலும் அந்த ஓடைப் பக்கமாகத்தான் இருக்கும்.

புத்தகம் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு வருஷம் அந்த ஆறடியில் என்ன வருகிறது, எப்போது வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

அப்புறம், நரி தானாக நடந்து வரும் பிராணி. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் இன்னும் சத்தம் கேட்பதாகச் சொல்கிறார்கள். ஒருநாள் உங்கள் ஓடை வழியாக வந்து வீட்டுக் கோழி ஒன்றைத் தூக்கினால், வனத்துறைக்கு போன் போட்டுக் கூண்டு கேட்காதீர்கள். கோழிக்கூட்டுக்கு நல்ல தாழ்ப்பாளாகப் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா